செப்டெம்பர் வந்தால் கொழும்பில் எந்த மரம் இலை உதிர்க்குது?

கடலோர ரீச்சர் | செப்டெம்பர் 1, 2025, இரவு 8.40

எங்கட பள்ளிக்கூடத்தில புது வகுப்பு இண்டைக்குத் தொடங்கிச்சு. இரண்டாம் தரம், 26 பிள்ளைகள். இரண்டு இரவு முழிச்சிருந்து, செப்டெம்பர் மாதத்துக்கெண்டு இணையத்தில கிடைக்கிற வகுப்பறைப் பொருட்களை ஒரு கோப்புறையில சேர்த்து வைச்சிருக்கிறன். ஆப்பிள் எண்ணுற அட்டை, இலையுதிர்கால நிறந்தீட்டல் தாள், அணில் கொட்டை சேர்க்கிற கதை, 8ஆம் திகதி சர்வதேச எழுத்தறிவு நாளுக்குச் சுவரொட்டி, 16ஆம் திகதி ஓசோன் நாளுக்கு ஒரு விளையாட்டு, 21ஆம் திகதி சமாதான நாளுக்கு வெட்டி ஒட்டுற புறா. எல்லாம் இலவசம். வேணுமெண்டால் கேளுங்கோ, இணைப்பு அனுப்புறன். ஆரிட்டயாவது வேற நல்லது இருந்தால் இங்க போடுங்கோ.

பனங்கொட்டை | இரவு 9.15

ரீச்சர், கோவிக்காதேங்கோ. ஆப்பிள், அணில், சிவத்த இலை. காலி வீதியில நிண்டு மேலயும் கீழயும் ஒருக்காப் பாருங்கோ. வெள்ளவத்தையில ஒரு மேப்பிள் மரம் காட்டினால் நான் இனி வாய் திறக்க மாட்டன்.

என்ர மகளுக்குப் போன வருசம் நடந்ததைச் சொல்லுறன். பள்ளிக்கூடத்தின்ர பேர் வேண்டாம். இப்பிடி எங்கயோ இருந்து இறக்கின ஒரு தாள். "செப்டெம்பரில் வெளியே போகும்போது என்ன எடுத்துச் செல்வீர்கள்?" எண்டு கேள்வி. பிள்ளை "குடை" எண்டு எழுதினாள். சிவப்புப் பேனையால பிழை. சரியான விடை கழுத்துச் சால்வையாம். அண்டைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வரேக்க மழை கொட்டோ கொட்டெண்டு கொட்டுது, நான் குடை பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்.

கடலோர ரீச்சர் | இரவு 9.32

குடைக்குப் பிழை போட்டவ விடைத்தாளைப் பார்த்துப் போட்டிருக்கிறா, கேள்வியைப் பார்க்கேல்ல. அது ரீச்சரின்ர பிழை. தாளை ஏன் பேசுறீங்கள்?

எங்கட பள்ளிக்கூடம் படிப்பிக்கிறது இங்கிலாந்துப் பாடத்திட்டம். பிள்ளை நாளைக்கு வாசிக்கப்போற கதையில, எழுதப்போற சோதனையில இலையுதிர்காலம் வரும். என்ர வகுப்பில பாதிப் பிள்ளைகளுக்கு லண்டனிலயோ கனடாவில ஸ்காபரோவிலயோ மச்சான், மச்சாள் இருக்கினம். வீடியோவில "இஞ்ச பார், இலையெல்லாம் சிவப்பு" எண்டு அதுகள் காட்டேக்க, இதுகளுக்கும் ஏன் எண்டு தெரிய வேண்டாமோ? தெரியாத ஊரைப் பற்றிப் படிக்கிறதும் படிப்புத்தான்.

மாளிகாவத்தை வாப்பா | இரவு 10.05

இலை செவப்பா பச்சையா எண்டு நீங்க பேசிக்கிட்டு இருங்க. நான் காசைப் பத்திப் பேசுறன். ராவு ஒம்பது மணிக்கி வட்ஸ்அப்ல வரும்: "நாளைக்கு நிறப் பிரின்ட் இரண்டு பக்கம் எடுத்து வரவும்." அந்த நேரத்துல எந்தக் கடை தொறந்திருக்கி? புள்ளைட உம்மா ஆப்பிளைக் கையால கீறி, சோப்புப் பெட்டிட செவப்பு மட்டைய வெட்டி ஒட்டிக் குடுத்து அனுப்பினா. இலவசம் எண்டு சொல்ற சாமான் எல்லாம் ரீச்சருக்குத்தான் இலவசம். மையும் தாளும் எங்கட தலைல.

இன்னொண்டு. 5ஆம் திகதி வெள்ளிக்கிழமை மீலாத் லீவு. ஒங்கட செப்டெம்பர்ல அது எங்க?

கடலோர ரீச்சர் | இரவு 10.11

மீலாத் விட்டுப்போச்சு. உண்மையா மன்னியுங்கோ நானா. பிரின்ட் நான் பள்ளிக்கூடத்திலதான் எடுக்கிறனான், கறுப்பு வெள்ளையில. ஆரையும் கேக்கிறேல்ல.

தேயிலைக்கொழுந்து | செப்டெம்பர் 2, காலை 5.50

நான் கொட்டாஞ்சேனைப் பக்கம் அரசாங்கப் பாடசாலையில தமிழ்மொழிமூலம் படிப்பிக்கிறேங்க. ஊரு ஹட்டன். உங்க சண்டைய வாசிச்சிட்டு சிரிப்புத்தான் வந்திச்சு. எங்களுக்கு இந்தக் கவலையே கெடையாது, ஏன்னா பிரின்டரே கெடையாது.

வழமையான வருசத்தில செப்டெம்பருன்னா மூணாந்தவணை தொடக்கம். கொரோனாவுக்குப் பின்னாடி அந்தக் கணக்கும் கொழம்பிப் போச்சு. வகுப்புல பாதி நேரம் ஒக்டோபர் 1 சிறுவர் தினத்துக்கும் 6 ஆசிரியர் தினத்துக்கும் ஒத்திகையிலேயே போயிரும். இந்தத் தடவை நவராத்திரியும் செப்டெம்பர் கடைசியிலேயே வருது, வாணி விழாவுக்கு வேற பாட்டுப் பழக்கணும். எங்க செப்டெம்பர் அதுதாங்க.

பொருள் தேடினா என்ன கெடைக்குது? கல்வி அமைச்சோட ஈ-தக்சலாவை இணையத்தளத்தில தமிழ்ல பாடங்க இருக்கு, பாடநூல் பீடீஎஃப் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தோட தளத்தில இருக்கு, ஆசிரியர் வழிகாட்டி தேசிய கல்வி நிறுவகத்தில இருக்கு. அதெல்லாம் பாட ஒழுங்குப்படிதான். மாசத்துக்கு மாசம் எடுத்து ஒட்ட ஒண்ணும் இல்ல. ஆசிரியருங்க தாங்களே செஞ்சு பகிர்ற செயலட்டை நெறைய சுத்துது, ஆனா பாமினி எழுத்துருவில இருக்கும். போன்ல தொறந்தா இங்கிலீஷ் எழுத்துக் குப்பைதான்.

தமிழ்நாட்டுக் கோப்பு அழகா இருக்கும். ஆனா அதுல "அக்டோபர்"னு இருக்கும், நம்ம புள்ளைங்க புஸ்தகத்தில "ஒக்டோபர்". எது சரின்னு புள்ள கேட்டா ரெண்டும் சரின்னு சொல்றேன். நம்ப மாட்டேங்குது.

பனங்கொட்டை | காலை 6.30

தங்கச்சி சொன்னதில ஒரு விசயம் இருக்கு. நாங்களாச் செய்யிற பொருள் இல்லை, அதால வெள்ளைக்காரன்ர செப்டெம்பரை வாங்கிப் போடுறம்.

எங்களிட்டப் பருவமே இல்லையோ? கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எண்டு ஆறு பொழுது தொல்காப்பியத்தில கிடக்கு. ஆவணி, புரட்டாசி இரண்டும் கார்காலம். செப்டெம்பர் அதுக்குள்ளதான் வருது. கறுத்த முகில், மயில், காந்தள். இதை வைச்சு ஒரு நிறந்தீட்டல் தாள் கீறுங்கோவன்!

ஈர்க்கு | காலை 7.20

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியன். பனங்கொட்டைத் தம்பியிடம் ஒரு கேள்வி: உங்கள் ஊரில் ஆவணியில் மழை கண்டீர்களா? யாழ்ப்பாணத்துக்கு மாரி ஐப்பசி, கார்த்திகையில். ஆவணியில் கிணறு அடியில் கிடக்கும். தென்மேல் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை கொழும்பை நனைத்துவிட்டு மலைக்கு அப்பால் வறண்ட காற்றாக இறங்குகிறது. கார்காலம் என்று ஆவணியில் மயிலைக் கீறினால், கொழும்புப் பிள்ளைக்கு ஓரளவு பொருந்தும், உங்கள் ஊர்ப் பிள்ளைக்கு அது இன்னொரு மேப்பிள் இலை.

இரண்டு பக்கமும் மரத்தைப் பற்றிச் சண்டை பிடிக்கிறீர்கள். மரம் ஏன் இலையை விடுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. இங்கிலாந்தில் முக்கிய காரணம் பகல் குறுகுவது. லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணித்தியாலத்துக்கும் சற்றுக் கூட, டிசம்பரில் எட்டு மணித்தியாலம் முழுதாக இல்லை. அந்தக் குறைவை உணர்ந்து, குளிரும் சேர, மரம் இலையிலுள்ள பச்சையத்தை உடைத்துச் சத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பச்சை போனதும் முன்பே இலைக்குள் இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு மட்டும் வேறு கதை: அதைச் சில மரங்கள் அந்த நேரத்தில் புதிதாக உண்டாக்குகின்றன. கொழும்பில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் முக்கால் மணித்தியாலமளவுதான். இங்குள்ள மாமரம் எதைக் கண்டு இலை கொட்டும்?

அதற்காக இங்கே மரம் இலை உதிர்ப்பதே இல்லை என்றும் பிள்ளைக்குச் சொல்லிவிடாதீர்கள். கொட்டம்பா மரத்து இலை விழுமுன் நன்றாகச் சிவக்கும். ரப்பர் மரம் ஜனவரி, பெப்ரவரியில் மொட்டையாக நிற்கும். கேகாலைப் பக்கம் போனவர்கள் கண்டிருப்பார்கள்.

இனி ரீச்சரின் கோப்புறையில் இல்லாத ஒன்று. சூரியன் தெற்கே நகரும்போது ஆகஸ்ட் 28 அளவில் நாட்டின் வடக்கு முனையான பருத்தித்துறைப் பக்கம் நேர் உச்சிக்கு வருகிறது, செப்டெம்பர் 7 அளவில் தெற்கு முனையான தெய்வேந்திரமுனையைத் தாண்டுகிறது. வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டுதோறும் அறிவிப்பதுதான், நாங்கள் "வெயில் கூடவாம்" என்று வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். கொழும்பின் முறை 4, 5ஆம் திகதியளவில். அதுவும் 12 மணிக்கு அல்ல, 12.10 அளவில். எங்கள் கடிகாரம் 82.5 பாகை நெடுங்கோட்டுக்கு, மன்னிக்க, நெட்டாங்குக்கு ஓடுகிறது. கொழும்பு 80க்குச் சற்று மேற்கே இருக்கிறது, அதனால் சூரியன் இங்கே உச்சிக்கு வரப் பிந்துகிறது. தண்ணீர்ப் போத்தல் ஒன்றை முற்றத்தில் நிறுத்துங்கள். நிழல் போத்தலின் காலுக்குள் ஒளிந்துவிடும். ஸ்காபரோ மச்சானுக்கு இதைக் காட்டுங்கள், அவன் வீட்டு வாசலில் எந்த நாளும் இது நடக்காது.

கடலோர ரீச்சர் | காலை 7.41

சேர், 5ஆம் திகதி லீவு. அப்ப 4ஆம் திகதி செய்யலாமோ?

ஈர்க்கு | காலை 7.48

தாராளமாக. அரைப் பாகை வித்தியாசத்தைப் பிள்ளையின் கண் பிடிக்காது. 11.30க்கு ஒரு கோடு, 11.50க்கு ஒரு கோடு, பிறகு 12.10. வெண்கட்டியால் போதும். சூரியனை நிமிர்ந்து பார்க்க விடாதீர்கள், நிலத்தை மட்டும்.

பனங்கொட்டை | காலை 8.02

கார்காலத்தில சேர் என்னைப் பிடிச்சது உண்மை. ஒத்துக்கொள்ளுறன். ஆனால் ஒரு சொல்லைக் கவனியுங்கோ. ரீச்சரின்ர கோப்புறையை இறக்கிப் பார்த்தன். நாலு பருவத் தாளை ஆரோ தமிழாக்கியிருக்கினம். பனிமனிதன் படத்துக்குக் கீழ "மாரி" எண்டு கிடக்கு! எங்களுக்கு மாரி எண்டால் தவக்கை கத்திற காலம். மழையில நனைஞ்சுகொண்டு நிக்கிற பிள்ளைக்கு இதுதான் மாரி எண்டு பனிமனிதனைக் காட்டினால், அது வெளியில பெய்யிறதுக்கு என்ன பேர் வைக்கும்? ஊர் மாறினால் பரவாயில்லை, சொல்லையும் எல்லோ கொண்டு போறாங்கள்.

கடலோர ரீச்சர் | காலை 8.20

அது புவியியல் புத்தகத்திலயும் அப்பிடித்தான் இருக்கு, அண்ணை. நான் கண்டுபிடிச்ச சொல் இல்லை. ஆனால் சரி, அந்தத் தாளில "குளிர்காலம்" எண்டு மாத்துறன். ஆப்பிளை எடுக்க மாட்டன், முதலே சொல்லிப்போட்டன்.

மாளிகாவத்தை வாப்பா | காலை 9.30

ஆப்பிள் இருக்கட்டும். செட்டியார்தெருப் பக்கம் வண்டில்ல குமிச்சி வெச்சி விக்கிறாங்க, புள்ளைக்கித் தெரியாத பழமா? மரந்தான் தெரியா.

வேறொரு சங்கதி. குருவி. எங்கட வீட்டுக்குப் பின்னால கரண்டு கம்பில வால் ரெண்டாப் பிரிஞ்ச சின்னக் குருவி செப்டெம்பர்ல வந்து வரிசையா குந்தும். தகைவிலான் எண்டு ஒரு நானா சொன்னார். வடக்கே குளிர் வரப்போகுது எண்டு அதுக தப்பி வாரது. ஆறுமணிக் குருவியும் இந்த மாசம், அடுத்த மாசந்தான் இந்தியாவுல இருந்து வரும். போன வருசம் ஒண்டு களைச்சுப்போய் எங்கட குசினிக்குள்ள வந்து விழுந்திச்சி. பச்சை முதுகு, வயித்துக்குக் கீழ செவப்பு. கிளி எண்டு நெனச்சி மகன் பாணுத்துண்டு வெச்சான், தொட்டும் பாக்கல்ல. புழு திங்கிற குருவியாம். அட்டைப் பெட்டியில கொஞ்ச நேரம் இருட்டுல வெச்சி அந்திக்கி விட்டோம். ஒங்கட லண்டன் எலை விழுறதுக்கும் எங்கட கம்பில குருவி குந்துறதுக்கும் ஒரே காரணந்தானே? அதைத் தாளாக் கீறுங்க.

தேயிலைக்கொழுந்து | காலை 10.40 (இடைவேளை)

வாப்பா சொன்னத நான் எடுத்துக்கிறேன். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்தில பறவைங்க வருது. பிரின்ட் தேவையில்ல, கரும்பலகையில ஒரு கம்பி கீறினாப் போதும். தெனமும் காலையில எத்தன குருவின்னு ஒரு புள்ள எண்ணி எழுதட்டும்.

பனங்கொட்டை | செப்டெம்பர் 4, பகல் 2.15

ரீச்சர், நிழல் என்னாச்சு?

கடலோர ரீச்சர் | மாலை 4.50

11.30க்குக் கீறினம். 11.50க்குக் கீறினம். 12.03க்கு வெள்ளவத்தைக் கடலுக்கு மேலால பெரிய முகில் வந்து மூடிச்சு. 26 பிள்ளைகளும் போத்தலைச் சுத்தி நிண்டு முகிலைப் பேசுதுகள். 12.10 போச்சு. மணி அடிச்சிட்டுது, அடுத்த பாடத்து மிஸ் வாசலில வந்து நிக்கிறா. 12.16க்கு ஒரு நிமிசம் வெயில் விழுந்திச்சு. போத்தலுக்குப் பக்கத்தில ஒரு மெல்லிய கறுப்புக் கோடு, நகம் அளவு. பின்வரிசையில இருக்கிற பொடியன் ஒருத்தன் தன்ர சப்பாத்தைச் சுத்திப் பார்த்திட்டு, "மிஸ், என்ர நிழல் எனக்குக் கீழ போயிட்டுது" எண்டு காலைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறான்.

பிறகு உள்ள வந்து ஆப்பிள் எண்ணினம். 20 வரைக்கும் எல்லாருக்கும் சரி.

பனங்கொட்டை | மாலை 5.05

நிழலுக்குத் தாள் ஏதும் செய்தனீங்களோ? இருந்தால் அனுப்புங்கோ. மகளோட சனிக்கிழமை செய்து பார்க்கலாம், பிந்தியிருக்காதே சேர்?

ஈர்க்கு | மாலை 5.20

சனிக்கிழமை 6ஆம் திகதி. நிழல் வடக்குப் பக்கம் இம்மியளவு விழும். பிந்தவில்லை.

கடலோர ரீச்சர் | மாலை 5.31

இந்தாங்கோ, கோப்பு இணைச்சிருக்கிறன்.

பனங்கொட்டை | மாலை 5.38

ரீச்சர், போன்ல திறந்தால் எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. பாமினியிலயோ அடிச்சனீங்கள்?