ஆஃப்செட்: ‘ஈடு’ போதுமா, ‘எதிரீடு’ வேண்டுமா?

> போர் விமானம் வாங்கும்போது பேசப்படும் ஆஃப்செட்டை ‘ஈடு’ என்றே சொல்லிவிடலாமே. ஈடுகட்டுவதுதானே?

வணக்கம் ஐயா. ‘ஈடு’ என்றதும் எனக்கு அடமானம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. வீட்டை ஈடு வைப்பவர் கடன் வாங்கியவர். இங்கே கடமைப்படுவதோ விமானத்தை விற்பவர். ‘என்னிடம் இவ்வளவு பணத்துக்கு வாங்குகிறாய், அதற்குப் பதிலாக உன் நாட்டில் இன்னின்ன வேலையைத் தருகிறேன்’ என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொடுப்பதுதான் ஆஃப்செட். அச்சுத் துறையில் ஆஃப்செட் முறைக்குச் சொல்லும் ‘மறுதோன்றி’யும் இதற்குப் பொருந்தாது.

2016இல் இந்தியா பிரான்சிடமிருந்து 36 ரஃபேல் போர் விமானங்களை வாங்கியபோது 50 விழுக்காடு ஆஃப்செட் என்று தமிழ் நாளிதழ்களில் படித்தோம். அப்போதே ஆஃப்செட், உரிம உற்பத்தி, தொழில்நுட்பம் தருவது மூன்றையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொண்டார்கள். மூன்றும் வேறு வேறு. தென்கொரியாவைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும்.

1991இல் கொரியா 120 எஃப்-16 விமானங்களுக்கு முடிவு செய்தது. 12 விமானங்கள் முழுதாக வந்தன, 36 பாகங்களாக வந்து கொரியாவில் பூட்டப்பட்டன, 72 அங்கேயே செய்யப்பட்டன. இப்படி அடுத்தவர் வடிவமைத்ததை அவர் அனுமதியோடு செய்வது உரிம உற்பத்தி. அதே கொள்முதலையொட்டிக் கிடைத்த ஆஃப்செட்டின் துணையோடு டி-50 என்ற பயிற்சி விமானம் உருவாயிற்று. அதன் உருவாக்கச் செலவில் கொரிய அரசு 70 விழுக்காடும், கொரிய விமான நிறுவனமான காய் 17 விழுக்காடும், அமெரிக்க நிறுவனமான லாக்ஹீட் மார்ட்டின் 13 விழுக்காடும் ஏற்றன. 2002இல் அது பறந்தது. அடுத்தவர் வரைபடத்தை வைத்துச் செய்துகொண்டிருந்தவர்கள் சொந்தமாக வரையத் தொடங்கியது இங்கேதான்.

அப்புறம் 2014இல் அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானங்கள் 40 வாங்க ஒப்பந்தம் ஆனது. அதன் ஆஃப்செட்டாகத் தங்கள் புதிய போர் விமானத்துக்குத் தொழில்நுட்பம் கேட்டார்கள். கேட்டவற்றில் நான்குக்கு அமெரிக்க அரசு அனுமதி மறுத்தது. அவற்றில் முக்கியமானது ஏசா ரேடார், அதாவது அலைக்கற்றையை மின்னணு முறையில் திருப்பும் ரேடார். விற்கும் நிறுவனம் ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது, அதன் அரசும் விட வேண்டும். கொரியர்கள் அந்த ரேடாரைத் தாங்களே செய்தார்கள். அந்தப் புதிய போர் விமானமான கேஎஃப்-21, 2022 ஜூலையில் பறந்தது. ஆனால் அதன் எஞ்சின் இன்றும் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் எஃப்414தான், உரிமத்தின்பேரில் கொரியாவில் தயாராகிறது. ஒரே விமானத்துக்குள் இத்தனை வகை உறவு இருக்கும்போது எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் படிப்பவருக்கு என்ன விளங்கும்?

இதனால்தான் ‘தொழில்நுட்பப் பரிமாற்றம்’ என்பதும் எனக்கு உறுத்துகிறது. பரிமாற்றம் என்றால் இரு பக்கமும் கொடுத்து வாங்குவது. இங்கே நுட்பம் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போகிறது, அவ்வளவுதான். ஈழத்தில் புழங்கும் ‘கையளிப்பு’ இதற்குப் பொருந்தும். தொழில்நுட்பக் கையளிப்பு என்று சொல்லிப் பாருங்கள், தடையில்லாமல் வருகிறது.

ஆஃப்செட்டுக்கு என் பரிந்துரை ‘எதிரீடு’. முதலீடு, காப்பீடு, ஒதுக்கீடு என்ற வரிசையில் உட்கார்ந்துவிடும். வாங்குபவர் பணத்தை இடுகிறார், அதற்கு எதிராக விற்பவர் இடுவது எதிரீடு. நீங்கள் சொன்ன ‘ஈடு’ம் இதற்குள் இருக்கிறது. வாங்கிய விமானத்தோடே தொடர்புள்ள வேலை என்றால் நேரடி எதிரீடு, வேறு துறையில் என்றால் மறைமுக எதிரீடு. எதிரீட்டுக் கடப்பாடு, எதிரீட்டு ஒப்பந்தம் என்று கிளைச்சொற்களும் எளிதாகப் பிறக்கின்றன.

> ‘எதிர்’ என்றால் பகை என்று படாதா? ‘கைம்மாறு’ என்று சொல்லலாமே?

படாது என்றே நினைக்கிறேன் அம்மா. எதிர்மொழி என்றால் மறுமொழிதானே, அதில் பகை இல்லை. ‘கைம்மாறு’ அழகான சொல், நானும் அதை நினைத்துப் பார்த்தேன். ஆனால் கைம்மாறு நன்றியால் செய்வது. எதிரீடு பேரம் பேசி எழுதி வாங்குவது, நிறைவேற்றாவிட்டால் தண்டமும் உண்டு.

சரி, இன்னொன்று மிச்சமிருக்கிறது. கேஎஃப்-21இல் இந்தோனேசியா உருவாக்கச் செலவில் 20 விழுக்காடு ஏற்பதாகத்தான் முதலில் சேர்ந்தது, பிறகு அந்தப் பங்கு வெகுவாகக் குறைந்தது. அந்த உறவைக் ‘கூட்டு உற்பத்தி’ என்று எழுதுகிறார்கள். வடிவமைப்பிலேயே பங்கெடுப்பதற்குக் ‘கூட்டுருவாக்கம்’ என்று தனியே வைத்துக்கொள்ளலாமா?