வேலியைப் பிடுங்கியதால்தான் குருவி போச்சா?

கிளுவைக்காரன்:
தாராபுரம் பக்கம் எங்கள் ஊர். பக்கத்துக் கொறங்காடு (வேலி கட்டிய மேய்ச்சல் நிலம்) கைமாறியது. கிளுவை முள்செடி வேலியைப் பொக்லைனால் பிடுங்கிக் கம்பி கட்டி, தென்னை வைத்துவிட்டார்கள். விடிகாலையில் கேட்கும் கௌதாரிச் சத்தம் நின்றே போனது. பரப்பு அதே பரப்புதான். வேலியும் நடுவில் நின்ற வெள்வேல் மரமும் கொழுக்கட்டைப் புல்லும்தான் இல்லை. நிலத்தில் எது எங்கே இருக்கிறது என்பதுதான் பறவையைத் தீர்மானிக்கிறது என்கிறேன். இல்லை என்பவர்கள் வரலாம்.

நாலுஏக்கர்:
வந்துவிட்டேன். வேலியில் கௌதாரி மட்டுமா இருக்கிறது? எலி இருக்கிறது, இப்போது மயிலும் பதுங்குகிறது. கடலை விதைத்த மறுநாள் எங்கள் காட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் பேசுங்க. வேலியோர வரிசைகள் நிழலில் தேறுவதே இல்லை. அப்புறம், மருந்தடிப்பதை விட்டுவிட்டு வேலியைக் குற்றம் சொல்வது என்ன நியாயம்? பூச்சியே இல்லாத காட்டில் வேலி இருந்து என்ன?

கிளுவைக்காரன்:
மருந்தை மறுக்கவில்லை. ஆனால் இரை இருந்தும் கூடு வைக்க இடமில்லாவிட்டால்? பஞ்சுருட்டான் மண்கரையில் வளை தோண்டி முட்டையிடும். வாய்க்காலுக்குச் சிமெண்ட் பூசிவிட்டோம். தூக்கணாங்குருவிக்குப் பனையோ கிணற்றின்மேல் சாய்ந்த கிளையோ வேண்டும். பின்னுவதற்கு நீளப் புல் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். ஒன்று இருந்து ஒன்று இல்லையென்றால் அது வராது.

நாலுஏக்கர்:
பனங்காடை கரண்டுக் கம்பியில்தானே உட்கார்ந்திருக்கிறது?

கிளுவைக்காரன்:
உட்காரக் கம்பி போதும். குஞ்சு பொரிக்க? மண்டை போன மொட்டைப் பனையின் பொந்துதான் அதற்கு வீடு. நாம் முதலில் வெட்டுவதும் அதைத்தான், பட்ட மரம் என்று. 2023-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை பனங்காடை குறைந்துவருவதாகச் சொல்கிறது. (மயில் பெருகுகிறது என்றும் சொல்கிறது. உங்கள் கடலைக்காக இதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

வெட்டவெளி:
இருவருமே மரம், வேலி என்றே பேசுகிறீர்கள். சாம்பல் தலை வானம்பாடி வெறுந்தரையில், மண்ணாங்கட்டி ஓரத்திலோ மாட்டுக் குளம்படிக் குழியிலோ கூடு வைக்கும். பறவைக்கு நல்லது செய்கிறோம் என்று தரிசு முழுக்க மரக்கன்று நட்டால் அது எங்கே போகும்?
இங்கிலாந்தைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வேலிகளைப் பிடுங்கி வயல்களை ஒன்றாக்கினார்கள். அங்குள்ள வானம்பாடி உயரமான வேலியை ஒட்டிக் கூடு வைக்காது. அந்தக் கணக்கில் பெருகியிருக்க வேண்டும். குறைந்துதான் போனது. வசந்தத்தில் விதைத்த தானியத்தை இலையுதிர் காலத்திலேயே விதைக்கத் தொடங்கினார்கள். அடுத்த ஈடு முட்டையிடுவதற்குள் பயிர் மண்டிவிடுகிறது. குளிர்காலத்தில் சிந்திய தானியம் பொறுக்க அறுத்த தாளும் இல்லை. ஆக வேலி மட்டும் கதையில்லை, எப்போது விதைக்கிறோம் என்பதும் சேர்த்திதான்.

கிளுவைக்காரன்:
கொறங்காடே வெட்டவெளிதானே ஐயா! சுற்றிலும் வேலி, உள்ளே புல், அங்கங்கே ஒரு வெள்வேல். கௌதாரி வேலிக்குள் ஒண்டும், வானம்பாடி நடுவில் இருக்கும். மரக்கன்று நடுவதை நானும் கேட்கவில்லை.

நாலுஏக்கர்:
அதெல்லாம் சரி, கிளுவையைக் கழிக்கிற ஆளுக்கு யார் கூலி கொடுப்பது? தென் பக்கத்து வேலி போகத்தான் போகிறது, நிழல் என் காட்டில் விழுகிறது. வட பக்கத்தை வேண்டுமானால் விட்டுவைக்கிறேன். அதன் நிழல் அடுத்த காட்டுக்காரருக்கு. அவர் சண்டைக்கு வந்தால் உங்களைத்தான் கூப்பிடுவேன்.