பி143 புரதம் கருவுக்குள் போகுதில்லை, உதவி தேவை

முள்ளியவளையான்:
வணக்கம். பூச்சிகளைத் தாக்குகிற பக்குலோவைரசின் பி143 புரதத்தில் ஜிஎஃப்பி என்ற பச்சை ஒளிர்புரதத்தை ஒட்டி, பிளாஸ்மிட்டாக (வட்ட டிஎன்ஏயாக) எஸ்எஃப்9 என்ற பூச்சிக் கலங்களுக்குள் செலுத்தினேன். பி143 வைரசு டிஎன்ஏயின் இரு இழைகளையும் பிரிக்கிற ஹெலிக்கேசு. இந்த வைரசு கலத்தின் கருவுக்குள்தான் பெருகும், ஆகவே பச்சையும் அங்கேதான் தெரிய வேண்டும். 24 மணியிலும் 48 மணியிலும் பார்த்தேன்: கருவைச் சுற்றியுள்ள குழியவுரு முழுக்கப் பச்சை, நடுவில் கரு கறுப்பு ஓட்டை. ஜிஎஃப்பியை மட்டும் போட்டால் கருவிலும் தெரிகிறது. பிளாஸ்மிட்டின் டிஎன்ஏ வரிசையும் சரி. லீவில் வீட்டுக்கு வந்தும் இதே யோசனைதான். இந்தப் படங்களை ஏற்றவே முல்லைத்தீவு ரவுனுக்குப் போக வேண்டியிருந்தது.

குளக்கட்டு:
கலங்கள் எத்தனை பாகையில் இருக்கின்றன? 37 என்றால் அவை செத்துக்கொண்டிருக்கும்.

முள்ளியவளையான்:
27 தான் அண்ணா. கலங்கள் நல்லாய் இருக்கின்றன.

நெடுங்கேணி அக்கா:
ஜிஎஃப்பி போனதை வைத்து ஏமாற வேண்டாம் தம்பி. அது 27 கிலோடால்டன். கருத்துளையில் ஏறத்தாழ 40 கிலோடால்டன் வரை தானாகவே நழுவிப் போகும். உம்முடையது 143 உம் 27 உம் சேர்ந்து 170. அவ்வளவு பெரியது போவதற்கு இம்போர்ட்டின் என்ற சுமக்கும் புரதம் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இம்போர்ட்டின் பிடிப்பதற்குப் புரதத்தில் ஒரு குறி வேண்டும். லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் நெருக்கமாக வருகிற சின்னத் துண்டுதான் பெரும்பாலும் அந்தக் குறி.

முள்ளியவளையான்:
அப்ப எஸ்வி40 என்ற வேறொரு வைரசின் குறியை வெட்டி ஒட்டட்டா?

நெடுங்கேணி அக்கா:
ஒட்டினால் போகலாம். ஆனால் வைரசு என்ன செய்கிறது என்று அதில் ஒன்றும் தெரியவராது. இன்னொன்றைக் கேட்கிறேன், இதே வைரசின் லெஃப்-3 புரதத்தையும் போட்டீரா?

முள்ளியவளையான்:
இல்லை. அது ஒற்றையிழை டிஎன்ஏயில் ஒட்டுகிற புரதம் எல்லோ?

நெடுங்கேணி அக்கா:
அதுக்கு இரண்டாவது வேலையும் இருக்கு. 1998 இலேயே காட்டிவிட்டார்கள்: பி143 தனியே என்றால் குழியவுருவில் கிடக்கும், லெஃப்-3 கூட இருந்தால் கருவுக்குள் போகும். கருவுக்குப் போகிற குறி லெஃப்-3 இன் முன்நுனியில் இருக்கு. பி143 அதைப் பிடித்துக்கொண்டு போகிறது. உழவு இயந்திரமும் பெட்டியும் மாதிரி. நீர் பெட்டியை மட்டும் ரோட்டில் விட்டுவிட்டு ஏன் ஓடவில்லை என்று கேட்கிறீர்.

லெஃப்-3 மரபணுவை ஐஈ1 ஊக்கியின் (மரபணுவை இயக்கிவிடும் டிஎன்ஏத் துண்டின்) கீழ் போடும். போலிஹெட்ரின் ஊக்கி வைரசு இல்லாமல் வேலை செய்யாது. அதற்கும் பச்சை ஒட்டிவிடாதேயும், பிறகு எது எங்கே என்று தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு தட்டில் பி143 உடன் லெஃப்-3 இல்லாத வெறும் பிளாஸ்மிட்டும் போடும்.

குளக்கட்டு:
இடையில் ஒரு கேள்வி. புரதத்துக்கே இவ்வளவு பாடென்றால் முழு வைரசு எப்படிப் போகிறது?

நெடுங்கேணி அக்கா:
அதன் உள்ளுடல் மெல்லிய கோல். கலத்தின் அக்டின் என்ற இழைப்புரதத்தை வாலாகக் கட்டி, அது தள்ளத் தள்ளக் கருவை நோக்கி ஓடும். பிறகு உடையாமல் முழுசாகவே கருத்துளைக்குள்ளால் புகும். எனக்கு இன்றைக்கும் நம்ப முடியாத விஷயம் அது.

குளக்கட்டு:
எஸ்எஃப்9 என்பது 2018 இல் வந்து எங்கட சோளனைத் தின்ற அதே படைப்புழுவா?

நெடுங்கேணி அக்கா:
அதேதான். அதன் கூட்டுப்புழுச் சூலகத்திலிருந்து எடுத்த கலங்கள்.

முள்ளியவளையான் (மூன்று கிழமைக்குப் பிறகு):
அக்கா, லெஃப்-3 சேர்த்த தட்டில் கரு பச்சை! வெறும் பிளாஸ்மிட் தட்டில் அதே கறுப்பு ஓட்டை. கருவுக்கு ஹோக்ஸ்ட் நீலச் சாயமும் போட்டுப் பார்த்தேன், இரண்டும் ஒரே இடம். சில கலங்களில் மட்டும் கருவிலும் குழியவுருவிலும் பச்சை கிடக்கு.

நெடுங்கேணி அக்கா:
அவற்றுக்குள் லெஃப்-3 குறைவாகப் போயிருக்கும். அந்தப் பிளாஸ்மிட்டை இரண்டு மடங்கு கூட்டிப் போட்டுப் பாரும்.