மறு: மறு: காம்ப்ளிகேஷன் – 'சிக்கல்' வேணாம், வேற என்ன?

எல்லாருக்கும் வணக்கம். பழைய ஸ்விஸ் கைக்கடிகாரம் சேக்குற ஒருத்தர் தன்கிட்ட இருக்குறதைப் பத்தி சின்னதா கையேடு போடுறார், தமிழாக்கம் என் தலையில, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். வாட்சுக்குள்ளயே ஓட்டி நிறுத்தி நேரம் அளக்குற க்ரோனோகிராபுக்கு 'காலவரைவி'ன்னு போட்டுட்டேன். மணி நிமிஷம் செகண்டு தவிர வாட்ச் செய்யுற எந்த வேலைக்கும் காம்ப்ளிகேஷன்னு பேரு, அதுலதான் மாட்டிக்கிட்டேன். 'நாட்காட்டிச் சிக்கல்'னு எழுதினா வாட்ச் ரிப்பேருன்னு நினைச்சுடுவாங்க.

> காலவரைவி

எதை வரையுது? பட்டனை அமுக்குனா முள்ளு ஓடுது, மறுபடி அமுக்குனா நிக்குது. பள்ளிக்கூடப் புத்தகத்துல 'நிறுத்துக் கடிகாரம்'னு இருக்கே.

> எதை வரையுது?

தம்பி, 1821ல பாரிஸ் குதிரைப் பந்தயத்துல ரியுசெக்னு ஒரு கடிகாரக்காரர் வச்ச பொறி நெஜமாவே டயல்ல மைப்பொட்டு வச்சுது, பேரு அங்கேர்ந்து ஒட்டிக்கிட்டது. வரைவி சரி. ஆனா 'காலம்' தமிழா? 'பொழுதுவரைவி'ன்னா என்ன கொறஞ்சிடும், முல்லைப்பாட்டுலயே பொழுதளந்து சொல்றவங்க குறுநீர்க்கன்னல்ங்குற நீர்க்கடிகாரத்தோட வர்றாங்களே. காம்ப்ளிகேஷனுக்கு லத்தீன் மூலம் சேத்து மடிக்கிறது, அதனால பின்னல். பின்னல் + பொறி = பின்னற்பொறி.

> பின்னற்பொறி

ஐயா, காலம் மூணுன்னு தொல்காப்பியரே சொல்லிட்டார், அவரையும் திருத்தப்போறீங்களா? பின்னற்பொறின்னா எங்க திருப்பூர்ல பனியன் துணி ஓட்டுற மிஷின். சிக்கல்னாலும் சிங்காரவேலர் கோயில்தான் ஞாபகம் வருது.

எங்கட பக்கம் வாட்சும் மணிக்கூடுதான். 'மேலதிகப் பொறி' எண்டு போடுங்கோவன், எல்லாருக்கும் விளங்கும்.

> மேலதிக

அதுல 'அதிகம்' வடமொழி.

நான் வாட்ச் சேக்குறவன், தமிழ்ப் புலவன் இல்ல, ஒண்ணே ஒண்ணு சொல்றேன், எந்தச் சொல் வச்சாலும் அதை எண்ண முடியணும். யுனிவர்சல் ஜெனீவ் கம்பெனி 1944ல விட்ட ட்ரை-காம்பாக்ஸ் வாட்ச்ல அந்த 'ட்ரை' க்ரோனோகிராப், கேலண்டர், நிலாப்பிறை மூணையும் குறிக்குது, பாதிப் பேரு குட்டி டயல் மூணுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கான், எண்ணிப் பாருங்க, நாலு இருக்கும். என்கிட்ட இருக்குறது உள்ள வால்ஷூ 72சிங்குற மெஷின் வச்ச, சாவி குடுக்குற வாட்ச், தேதி கிழமை மாசம் காட்டும், ஆனா 31 இல்லாத மாசம் முடியும்போதெல்லாம், வருஷத்துக்கு 5 தடவை, நாமளே தள்ளி விடணும், அதுவும் நடுராத்திரிய ஒட்டி சக்கரம் மாட்டிக்கிட்டு இருக்குறப்ப தள்ளினா பல்லு போச்சு. ஒரு நியூ இயர் ராத்திரி நான் போக்கிட்டேன்.

> பல்லு போச்சு

டிசம்பர்தான் 31 உள்ள மாசமாச்சே, அன்னைக்கு ஏன் சார் தள்ளுனீங்க?

நவம்பர் முடிஞ்சப்ப தள்ள மறந்துட்டேங்க.

அப்ப 'சிக்கல்'தான் பொருத்தம் :)

மன்னிக்கணும், நேரமில்ல. 'கூடுதல் பொறி'ன்னு போட்டு அனுப்பிட்டேன், ஆறு பேரு தனிமடல்ல சரின்னாங்க, அதுல நாலு பேரு "ஏதோ ஒண்ணு போடுங்க"ன்னுதான் எழுதியிருந்தாங்க. முதல் தடவை வர்ற இடத்துல மட்டும் காம்ப்ளிகேஷனும் பக்கத்துல இருக்கு.

> கூடுதல் பொறி

பொறி எங்க கூடுது? அதே பொறிக்குள்ளதானே பின்னிக் கிடக்கு. பின்னற்பொறி, என் பதிவு இருக்கட்டும். அப்புறம் 'நிறுத்து கடிகாரம்' வினைத்தொகை, நடுவுல 'க்' வராது, யாருமே கவனிக்கலயா?