பிள்ளைக்கு ஞானஸ்நானம், அக்கா கோயிலுக்கு வரமாட்டேங்கிறா. என்ன செய்ய?

நாசரேத்_பொண்ணு:
நாங்க பரம்பரையா சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. கல்யாணத்துக்கு அப்புறம் அக்காவும் அத்தானும் பெந்தெகொஸ்தே சபைக்குப் போறாங்க, முழுகி ஞானஸ்நானமும் எடுத்துட்டாங்க. இப்போ என் மகளுக்கு ஞானஸ்நானம் வச்சிருக்கோம். அக்காதான் ஞானத்தாயா நிக்கணும்னு எனக்கு ஆசை. கேட்டா, "விசுவாசிக்கத் தெரியாத பிள்ளைக்குத் தண்ணி தெளிக்கிறது ஞானஸ்நானமே இல்ல, நான் வரமாட்டேன்"னுட்டா. பக்கத்துல இருந்த அம்மா, "அப்போ உன்னைத் தூக்கிட்டுப் போய் ஐயர் கையில குடுத்தேனே, அது வீணா?"ன்னு அழுதுட்டாங்க. (எங்க சபைப் போதகரைத்தான் ஐயர்னு சொல்லுவோம்.) என் வீட்டுக்காரர் வேற "கைதட்டுற சபைக்காரங்க"ன்னு ஒரு வார்த்தை விட்டுட்டார், அத்தானுக்கு அது சுருக்குன்னு ஆயிட்டு. இப்போ ரெண்டு வீட்டுக்கும் பேச்சே இல்ல. ஒரே ஆண்டவரைத்தானே கும்பிடுறோம்? அக்கா இல்லாம இந்த விசேஷத்தை நடத்த எனக்கு மனசு வரல.

பனங்காட்டு_வாத்தியார்:
மகளே, அக்காவை ஞானத்தாயா நிக்கச் சொல்லி இனிமே கேக்காதம்மா. ஞானத்தாய் சபை முன்னால நின்னு, பிள்ளையை விசுவாசத்துல வளர்க்கத் துணை நிப்பேன்னு வாக்குக் குடுக்கணும். மனசு ஒப்பாத வாக்கைச் சொந்தத் தங்கச்சிக்காகக் குடுன்னு கேட்டா, தேவசந்நிதியில பொய் சொல்லுன்னு கேக்கிற மாதிரி ஆயிரும். உன் மேல அன்பு இல்லாம அவ மறுக்கல.

நம்ம சி.எஸ்.ஐ. எப்படி வந்ததுன்னு பாரு. 1919 மே மாசம் தரங்கம்பாடியில கூடினவங்க பெரும்பாலும் இந்தியப் போதகர்கள். சபை சபையா பிரிஞ்சு கிடக்கிற இந்தப் பிரிவினையை நாம உண்டாக்கல, வெளியில இருந்து நம்ம மேல சுமத்தினதுன்னு அறிக்கை எழுதினாங்க. அதுல முன்ன நின்ன அசரியா பேராயர் நம்ம வெள்ளாளன்விளைக்காரர். அன்னைக்கு ஆரம்பிச்ச பேச்சு முடிஞ்சு, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்துல சபைகள் ஒண்ணா சேர்ந்தது 1947 செப்டம்பர் 27-ல. இடையில 28 வருஷம்! 1945-ல காலமான அசரியா அதைக் கண்ணால பாக்கல. என்னத்தை அவ்வளவு காலம் பேசினாங்க? பேராயர் கைவைச்சு அபிஷேகம் பண்ணாத போதகர் போதகர்தானாங்கிறது பெரிய சிக்கல். கடைசியில யாருக்கும் மறுபடி அபிஷேகம் பண்ணல, இருக்கிறபடியே ஏத்துக்கிட்டாங்க. அதே சமயம், மனசாட்சி ஒப்பாத ஊழியரை எந்தச் சபை மேலயும் திணிக்கமாட்டோம்னு வாக்கும் குடுத்தாங்க. அந்த வாக்கு இல்லேன்னா ஐக்கியமே வந்திருக்காது.

உன் வீட்டுப் பிரச்சினைக்கு இன்னும் நெருக்கமானது வட இந்தியத் திருச்சபை. 1970 நவம்பர் 29-ல நாக்பூர்ல அது உருவானப்போ குழந்தைக்கு ஞானஸ்நானம் குடுக்கிற ஆங்கிலிக்கன்களோட, விசுவாசத்தை அறிக்கையிட்டவங்களுக்கு மட்டும் குடுக்கிற பாப்டிஸ்டுகளும் சேர்ந்தாங்க. பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்து, வளர்ந்த பிறகு அந்த விசுவாசத்தைப் பிள்ளையே தன் வாயால அறிக்கையிடத் திடப்படுத்தலாம். இல்லேன்னா பிள்ளையை ஜெபிச்சு ஆண்டவருக்குப் பிரதிஷ்டை பண்ணி, வளர்ந்து விசுவாசத்தை அறிக்கையிட்ட பிறகு ஞானஸ்நானம் குடுக்கலாம். ரெண்டு வழிக்கும் ஒரே திருச்சபைக்குள்ள இடம் உண்டு. ஒரு திருச்சபைக்குள்ள முடியுதுன்னா ஒரு குடும்பத்துக்குள்ள முடியாதா?

அக்காகிட்டயும் ஒண்ணு சொல்லணும். அவ நம்பிக்கை அவளுக்கு. ஆனா பெத்த தாய் ஜெபத்தோட செஞ்சதை அவங்க முகத்துக்கு நேரா வீண்ணு சொல்ல வேண்டியதில்ல.

ஆவடி_விசுவாசி:
நான் பெந்தெகொஸ்தே சபைதான். உங்க அக்கா பக்கத்தையும் சொல்றேன் சிஸ்டர். விசுவாசம் முதல்ல, ஞானஸ்நானம் அதுக்குப் பிறகுன்னு நாங்க உண்மையாவே நம்புறோம். அந்த ஆராதனையில எழுந்து நின்னு ஆமென் சொல்ல எனக்கும் முடியாது. ஆனா குழந்தையைக் கையில ஏந்தி ஆண்டவர்கிட்ட ஒப்புக்குடுக்கிறது எங்க சபையிலயும் உண்டு. அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுல ஜெபம் வச்சு, குழந்தைக்காக ஜெபிக்க அக்காவைக் கூப்பிடுங்க. கண்டிப்பா வருவாங்க. அதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்காரர் அத்தானுக்கு ஒரு போன் போடணும். கைதட்டித் துதிக்கிறது எங்களுக்கு விளையாட்டு இல்ல.

சத்தியம்_மட்டும்:
வேத சத்தியத்துல சமரசம் கூடாது. ஒரு தரப்பு சரின்னா மறு தரப்பு தப்புதான். அன்புங்கிற பேர்ல எல்லாத்தையும் கலக்காதீங்க.

தூத்துக்குடி_மருமகள்:
சத்தியம் முக்கியம்தான் சகோதரரே, இங்க யாரும் கலக்கச் சொல்லலியே. நான் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கம்), பனிமய மாதா கோயில் பங்கு. என் வீட்டுக்காரர் சி.எஸ்.ஐ. கல்யாணத்துக்கு ஆயர்கிட்ட அனுமதி வாங்க வேண்டியிருந்தது. ஆனா அவரை மறுபடி திருமுழுக்கு எடுக்கச் சொல்லல. அவங்க சபையில குடுத்த ஞானஸ்நானச் சான்றிதழை மட்டும் பங்குச்சாமி கேட்டு வாங்கி வச்சார். முறையா திருமுழுக்குப் பெற்றவங்க, உறவு முழுமையா இல்லாட்டியும், நம்ம சகோதரங்கதான்னு 1964-லயே எங்க கத்தோலிக்க ஆயர்கள் கூடின இரண்டாம் வத்திக்கான் சங்கம் எழுதிடுச்சு.

வலி இல்லாம இல்ல. ஒரே பந்தியில நற்கருணை வாங்க எங்களால முடியாது. ஞாயித்துக்கிழமை அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முதல்ல அழுதிருக்கேன். ஆனாலும் ஆகஸ்ட் 5 மாதா திருவிழாவுக்கு மாமியார்தான் எனக்குச் சேலை எடுத்துக் குடுப்பாங்க. ஊர்ல அவங்க கோயில் அசனத்துக்கு (சபையா சேர்ந்து சாப்பிடுற விருந்துக்கு) விடியக்காலையிலேயே போய்க் கத்திரிக்காய் நறுக்க உக்காந்துருவேன். மாதாவைப் பத்தி எனக்கும் மாமியாருக்கும் கருத்து ஒத்துப்போனதே இல்ல. அவங்களுக்கு உடம்பு முடியாதப்போ நான் ஜெபமாலை சொல்ல, அவங்க சங்கீதம் வாசிச்சாங்க. ஒருத்தர் முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் காத்திருந்தோம்.

நாசரேத்_பொண்ணு:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வாத்தியார் ஐயா சொன்னது குத்துச்சு, ஆனா சரிதான். ஞானத்தாயா நாத்தனாரைக் கேட்டுட்டேன். வீட்டுக்காரர் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார், அத்தான் ரொம்ப நேரம் நல்லாத்தான் பேசினாராம். அக்கா இன்னும் எங்கிட்ட பேசல. சாயங்கால ஜெபத்துக்கு அவங்க பாஸ்டரையும் கூப்பிடலாமான்னு யோசிக்கிறேன். எங்க ஐயர் வருத்தப்படுவாரோ?

பனங்காட்டு_வாத்தியார்:
ஐயர்கிட்ட நீயே நேர்ல போய் முன்கூட்டிச் சொல்லிரும்மா, அடுத்தவங்க வாயால தெரியவேண்டாம். ரெண்டு பேரையும் ஜெபிக்கச் சொல்லு, பிரசங்கம் யாருக்கும் வைக்காத. அக்காவைக் கூப்பிட அம்மாவைக் கூட்டிட்டுப் போ. போன்ல வேண்டாம்.