மாஞ்சாவில் சிக்கிய பச்சைப்புறா, கம்பு சாப்பிடவில்லை: என்ன செய்யலாம்?

வியாசைப் புறா:
வியாசர்பாடி மொட்டை மாடியில் மாஞ்சா நூலில் தொங்கிய புறாவை இறக்கி வைத்திருக்கோம். உடம்பு பச்சை, தலை சாம்பல், தோளில் ஊதாத் திட்டு, கால் நல்ல மஞ்சள். நூல் இறக்கைச் சந்தில் இறங்கி லேசா ரத்தம் கசியுது. கம்பு, சோளம், பட்டாணி எதையும் தொடலை. இது மரகதப்புறாவா? நம்ம ஹோமர் (பந்தயப் புறா) கூண்டிலேயே விட்டுத் தேற்றலாமா?

ராயபுரம் கூண்டு:
கூண்டில் விடவே கூடாதுங்க. வாய்ப்புண், அம்மை, கழுத்து திருகல் எல்லாம் நம்ம புறாவிலிருந்து அதுக்குப் போகும், அதுகிட்டேயிருந்து நம்ம புறாவுக்கும் வரும்.

முதலில் நூல். இழுக்காதீங்க, கண்ணாடித் தூள் பூசின நூல் இழுத்தா தசைநாரை அறுத்துடும். காயத்துக்கு இரண்டு பக்கமும் கத்தரியால் வெட்டுங்க, சதைக்குள் புதைந்ததை டாக்டருக்கு விட்டுடுங்க. சுத்தமான பருத்தித் துணியால் ஐந்து நிமிடம் அழுத்துங்க. நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தா ரத்தம் நிற்காது. மஞ்சள், சுண்ணாம்பு, தேங்காய் எண்ணெய் வேண்டாம். எண்ணெய் பட்ட இறகு ஒட்டிக்கிட்டா காயம் ஆறினாலும் பறக்காது. கையில் இறுக்கிப் பிடிச்சா இறகு கொத்தாக் கழன்றுடும், துணியில் சுற்றித் தூக்குங்க. காற்றோட்டத் துளை போட்ட அட்டைப் பெட்டி, அடியில் துண்டு, இருட்டு, சத்தமில்லாத மூலை.

ஆலம்பழம்:
மரகதப்புறா இல்லை. நம்ம மாநிலப் பறவையான அதுக்கு இறக்கை மட்டும்தான் பச்சை, அலகு சிவப்பு, தரையில் மேயும். நீங்க சொன்னது மஞ்சள்கால் பச்சைப்புறா, சுமார் 33 செ.மீ. கால் மஞ்சள் என்பதே போதும். மற்ற பச்சைப்புறாக்களுக்கு இங்கே கால் சிவப்பு.

முழுக்க மரத்துப் பழம் தின்னும் பறவை, அதனாலதான் தானியத்தைத் தீனியாவே பார்க்கலை. ஆலம்பழம், அரசம்பழம், அத்தி, நாவல்தான் அதன் உணவு. அத்தி விதையையும் வயிற்றிலேயே அரைத்துவிடும். பெரிய பழத்தை முழுசா விழுங்கி விதையைச் சேதமில்லாமல் வெளியேற்றும் பச்சை மந்திரிப்புறா வேறு இனம். ரத்தம் நின்று, பறவை நிமிர்ந்து உட்கார்ந்த பிறகு ஆலம்பழத்தைப் பிய்த்து வைங்க. கிடைக்கலைன்னா கனிந்த பப்பாளி, பட்டாணி அளவுத் துண்டா. பால் வேண்டவே வேண்டாம். சிரிஞ்சால் தண்ணீர் ஊற்றினா நுரையீரலுக்குள் போகும்.

வியாசைப் புறா:
நூலை வெட்டியாச்சு. ஆனா நெஞ்சு இறகு ஈரமா இருக்கு, சின்னச் சின்ன விதை ஒட்டியிருக்கு.

ராயபுரம் கூண்டு:
அப்போ தீனிப்பை (தின்றது முதலில் தங்கும் கழுத்தடிப் பை) கிழிஞ்சிருக்கு. பழமும் தண்ணீரும் இப்பவே நிறுத்துங்க, போட்டதெல்லாம் அந்த ஓட்டை வழியா வெளியே வரும். பையைத் தனியா, மேல்தோலைத் தனியாத் தைக்கணும்; இரண்டையும் சேர்த்துத் தைச்சா மறுபடி பிரியும். காயம் காய்ந்தா தையல் கஷ்டம். நேரா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பெட்டியோட போங்க. கிண்டி வனத்துறைக்கும் இப்பவே தகவல் சொல்லிடுங்க. 1972 வனவிலங்குச் சட்டப்படி காட்டுப்பறவையை வீட்டில் வளர்க்க முடியாது, தேறின பிறகு விடுவிப்பதும் அவங்க பொறுப்பு.