பிராண்டிவைன் என்று வாங்கிய விதை, இலையோ வேறு மாதிரி. உதவி தேவை

கேள்வி (கோவை, மாடித்தோட்டம்)
ஆவணி கடைசியில் கூரியரில் இரண்டு பாரம்பரியத் தக்காளி விதைகள் வாங்கினேன்: செரோக்கி பர்ப்பிள், பிராண்டிவைன். பாக்கெட்டுக்குப் பத்து விதை, 90 ரூபாய். கோகோபீட் நிரப்பிய குழித்தட்டில் போட்டேன். செரோக்கி ஏழாம் நாளே எட்டு முளைத்துவிட்டது. பிராண்டிவைன் நான்குதான். சரி, அது போகட்டும். பிராண்டிவைனுக்கு உருளைக்கிழங்குச் செடி போல வெட்டில்லாத இலை வரும் என்று படித்தேன். இங்கே ஓரமெல்லாம் வெட்டு. விற்றவரைக் கேட்டால் "பழம் வரட்டும், பாருங்கள்" என்கிறார். அதுவரை தொட்டியை இதற்கே விடுவதா?

பதில் 1
எத்தனை இலை வந்திருக்கிறது? முதல் இரண்டு இலையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. எல்லாத் தக்காளியும் அப்போது ஒன்றுபோலத்தான் இருக்கும்.

கேட்டவர்
ஆறு இலை. நான்கு செடியும் அப்படியே.

பதில் 2
பாக்கெட் படத்தில் பழம் சிவப்பா, இளஞ்சிவப்பா? சிவப்பு பிராண்டிவைனுக்கு வெட்டு இலைதான், அதில் தப்பில்லை.

கேட்டவர்
இளஞ்சிவப்புதான் சார்.

பதில் 2
அப்படியென்றால் அது பிராண்டிவைன் இல்லை. வெட்டில்லாத இலை ஒடுங்கு பண்பு, ஆணும் பெண்ணும் இரண்டுமே கொடுத்தால்தான் வெளியே தெரியும். ஒரு செடி மட்டும் மாறியிருந்தால் தேனீ செய்த கலப்பு என்று விடலாம். நான்குமே என்றால் பெரும்பாலும் பாக்கெட்டே மாறியிருக்கும். இலையைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பிப் பணத்தைக் கேளுங்கள். பழம் வரும்வரை காத்திருந்தால் உங்கள் புகாரை யார் கேட்பார்?

பதில் 3 (மதுரை)
தம்பி, ரொம்ப வருத்தப்படாதீர்கள். அசல் பிராண்டிவைன் போட்டு ஒரு செடியில் இரண்டே பழம் பார்த்தவள் நான். இரவு வெப்பம் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் பூ பிஞ்சாகாமல் உதிரும், பெரிய பழ ரகங்களில் இது இன்னும் மோசம். செரோக்கியைக் கவனியுங்கள். அதுவும் தபாலில் வந்த விதைதான்! 1990இல் டென்னசியிலிருந்து ஜான் கிரீன் என்பவர் அனுப்பிய பெயரில்லா விதைக்கு, வாங்கிய கிரெய்க் லெஹூலியர் வைத்த பெயர் அது. பூ விரியும் முன்பே ஒரு கொத்துக்கு வலைப் பை கட்டிவிடுங்கள். தக்காளி தன் மகரந்தத்திலேயே காய்க்கும், அந்த விதையை எடுத்து வைத்தால் அடுத்த முறை கூரியரே வேண்டாம்.

கேட்டவர்
படம் அனுப்பினேன். லேபிள் மாறிவிட்டதாம், பணம் வந்துவிட்டது. அப்படியானால் இது என்ன ரகம் என்றால் அவருக்கும் தெரியவில்லை. மூன்றைப் பிடுங்கிவிட்டேன் அக்கா, ஒன்றை மட்டும் விட்டிருக்கிறேன்.